தாம்போதியும் ஓடுபாதையும்

"வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள்" என்றொரு சொற்றொடர் நமது பத்திரிகைகளில் பல்லாண்டுகளாக மாறாமல் இருந்து வருகிறது. வண்டியே தன்னிலை மறந்தது போலவும் மேலே இருந்தவன் வெறும் பயணி போலவும் அது ஒலிக்கும். வீதியின் பெயர், இறந்தவரின் வயது, வைத்தியசாலையின் பெயர், "மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்" என்ற கடைசி வரி. அத்துடன் செய்தி முடிந்துவிடும். ஒரு மனிதன் எங்கே பார்த்துக்கொண்டிருந்தான், எதைப் பார்க்காமல் விட்டான் என்பதற்கு அந்த நான்கு வரிகளில் இடமில்லை.

என் தலைமுறையினர் மன்னார்ப் பக்கத்தில் வண்டி ஓடப் பழகிய காலம் வேறு. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் 1990இல் தகர்க்கப்பட்டது. பெற்றோலுக்குத் தடை. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகை கக்கிக்கொண்டு போவதே அன்றைய பயணம். சோதனைச் சாவடி வந்தால் இறங்கி உருட்ட வேண்டும். வேகம் என்ற ஆசை எவருக்கும் வந்திருக்க முடியாது. வந்தாலும் அதைச் சுமக்க வண்டியில் வலுவில்லை. 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை காபெற் வீதி வந்தது. வீதி மாறிவிட்டது. அதில் நடமாடுகிற ஆடும் மாடும் கழுதையும், மீன்பெட்டி கட்டிய சைக்கிளும், உழவு இயந்திரமும் பழையபடியே இருக்கின்றன.

மன்னார் நகரில் இருக்கும் என் தங்கையின் மகனுக்கு இருபத்திரண்டு வயது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியபின் புதிய வண்டியொன்று வாங்கியிருக்கிறான். தள்ளாடிச் சந்தியிலிருந்து நகர் வரையான தாம்போதி அவனுக்கும் அவன் தோழர்களுக்கும் பந்தயத் திடல். தங்கை தொலைபேசியில் அழுதாள். நான் போய்ப் பேசியபோது அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். "மாமா, றேஸ் ஓடுறவங்கள் இருநூறிலயும் ஓடுறாங்கள். ஒண்டும் நடக்கிறேல்லை. பிழை வேகத்தில இல்லை, ஓடத் தெரியாததிலதான்."

இதில் பாதி உண்மை. அதனால்தான் இது ஆபத்தான வாதம். அவனுக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தய ஓடுபாதையில், செய்தி சேகரிக்கப் போன இடத்தில், பயிற்சி நாளொன்றில் சில சுற்றுகள் ஓட எனக்கு வாய்த்தது. சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். முதலில் என்னை வியப்பில் ஆழ்த்தியது வேகமன்று. பக்கக் கண்ணாடிகளை ஒட்டுநாடாவால் மூடச் சொன்னார்கள். பின்னால் வருபவன்தான் உன்னைக் கடக்கும் பொறுப்புடையவன், நீ முன்னே மட்டும் பார் என்றார்கள். எதிரே எவரும் வரமாட்டார்கள். தடத்தில் எண்ணெய் சிந்தினால் கொடி அசைத்து எச்சரிக்க ஆள் நிற்கிறார். விழுந்தால் வழுக்கிப் போக வெளி இருக்கிறது. ஐந்தாவது சுற்றுக்குள் எந்தக் கறையருகே பிரேக் பிடிப்பது, எங்கே வண்டியைச் சாய்ப்பது என்று உடம்புக்கே மனப்பாடமாகிவிடுகிறது. அங்கே வேகம் என்பது பெரும்பாலும் ஞாபகத்தின் பலன்.

கீத் கோட் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் 1983இல் வெளியிட்ட நூலில் ஓர் உவமை உண்டு. ஓட்டுநரின் கவனம் பத்து டொலர் தாள் போன்றது. ஒன்றில் ஐந்து டொலரைச் செலவழித்தால் மற்ற எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது ஐந்துதான். பழகப் பழக ஒவ்வொன்றின் விலையும் குறையும். ஓடுபாதையில் அந்தப் பத்தையும் வளைவுக்கும் வண்டிக்குமே கொடுத்துவிடலாம். வேறு கடன்காரர் இல்லை.

இப்போது தாம்போதிக்கு வாருங்கள். சோளகக் காலம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் வலுவை நம்பித்தான் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்கள். நகரிலிருந்து தள்ளாடி நோக்கிப் போகையில் காற்று வலப்புறமாக அடிக்கும். நேராகப் போக வேண்டுமானால் வண்டியை வலப்பக்கம் சற்றுச் சாய்த்தே பிடிக்க வேண்டும். எதிரே ஒரு பஸ் வருகிறது. அது உங்கள் வலப்புறமாகக் கடக்கும் கணத்தில் காற்றை மறைத்துவிடுகிறது. சாய்த்துப் பிடித்த வண்டி பஸ்ஸை நோக்கி இழுபடுகிறது. பஸ் போனதும் நின்ற காற்று திரும்பி அறைகிறது. மணிக்கு ஐம்பதில் இது ஒரு சிறு தள்ளாட்டம். (தள்ளாடி என்ற பெயருக்கு வேறு காரணம் இருக்கலாம்.) நூறில் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எந்த ஓடுபாதையும் இதைக் கற்றுத் தருவதில்லை. அங்கே எதிரே பஸ் வருவதில்லை.

தீவுக்குள் கணக்கு இன்னும் இறுகும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 28 மீற்றர் நகர்கிறது. கழுதையைக் கண்டு, அது கழுதைதான் என்று மூளை ஒப்புக்கொண்டு, விரல் பிரேக்கைத் தொடும் முன்பே அந்தத் தூரம் கழிந்துவிடும். அதன் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்குகிறது. மன்னார்க் கழுதைகள் வீதியின் நடுவே ஞானிகள் போல நிற்கும்; ஒலிப்பானுக்கு அசையா. இரவில் அவற்றின் சாம்பல் நிறமும் தாரின் நிறமும் ஒன்றே. பத்து டொலரில் எட்டு, ஒன்பதை இவற்றுக்கே கொடுத்தாக வேண்டும். மிச்சத்தில்தான் நம் ஓட்டத்திறமை எல்லாம்.

வீதியையே பந்தயத் தடமாக்கிய இடமும் உலகில் உண்டு. அதுவும் ஒரு தீவுதான். ஐரிஷ் கடலில் உள்ள மான் தீவில் 1907 முதல் பொது வீதிகளில் பந்தயம் நடக்கிறது. மலைப்பாதைச் சுற்று ஏறத்தாழ 60 கிலோமீட்டர், ஓரங்களில் கல்மதில்கள். பந்தயத்தின்போது வீதியை மூடிவிடுகிறார்கள். ஆடு, மாடு, பஸ் எதுவும் இல்லை. அப்படியிருந்தும் இறந்தோர் 260 பேருக்கும் அதிகம். 1972இல் தோழர் ஜில்பேர்ட்டோ பார்லோட்டி அங்கே இறந்தபின், அக்காலத்தின் தலைசிறந்த வீரர் ஜியாகோமோ அகொஸ்தினி இனி அங்கு போட்டியிடுவதில்லை என்று விலகிக்கொண்டார். 1976க்குப் பின் அந்தப் பந்தயம் உலகச் சம்பியன்ஷிப் தொடரிலிருந்தே நீக்கப்பட்டது. ஓடத் தெரியாதவர் என்று அகொஸ்தினியை எவரும் சொல்லமுடியாது.

ஓடுபாதை பாதுகாப்பானது என்றும் நான் சொல்ல வரவில்லை. 2023 ஆகஸ்ட் 5இல் அதே இருங்காட்டுக்கோட்டையில் சிரேயாஸ் ஹரீஷ் என்ற 13 வயதுப் பெங்களூர்ச் சிறுவன் பந்தயத்தில் விழுந்து இறந்தான். அடுத்த மாதமே, அந்த ஓடுபாதையைத் தொட்டுச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்துக்கு அப்பால், யூடியூபில் புகழ்பெற்ற டி.டி.எஃப். வாசன் முன்சில்லைத் தூக்கி ஓட்டி விழுந்தார். பந்தய உடை அவரைக் காத்தது. ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்குப் போயிற்று. 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவையில் பந்தயக் கார் ஒன்று தடம் விலகிப் பார்வையாளருக்குள் பாய்ந்ததில் ஏழு பேர் இறந்தனர். பார்ப்பவர் தடத்துக்கு நெருங்கியதும் ஓடுபாதை வீதியாகிவிடுகிறது. எங்கள் வீதியில் அவர்கள் எப்போதும் தடத்தின் மேலேயே நிற்கிறார்கள்.

மருமகனின் ஆசையை நான் பழிக்கவில்லை. கட்டுக்குருந்தை, பன்னல, மகாகஸ்தோட்டை, தியத்தலாவை என்று இலங்கையில் பெயர்பெற்ற பந்தய இடங்கள் எல்லாம் அவனுக்கு நெடுந்தொலைவு. கட்டுக்குருந்தை இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம். சென்னையை அடுத்த சோழவரத்திலும் அப்படித்தான், போர் விட்டுப்போன ஓடுபாதையில் பந்தயம் வளர்ந்தது. எங்கள் போர் மன்னாருக்கு விட்டுச் சென்றவற்றில் அப்படியொன்று இல்லை.

ஒரு ஞாயிறு காலை அவனை என் பின்னால் இருத்தித் தலைமன்னார் வீதியில் போனேன். கண்ணில் படும் ஒவ்வோர் ஆபத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. சிரித்துக்கொண்டே தொடங்கினான். "ஆடு. சைக்கிள். மணல். பஸ்ஸுக்குப் பின்னால ஒரு அம்மா." எருக்கலம்பிட்டிச் சந்தி தாண்டியதும் சிரிப்பு நின்றது, மூச்சுவிட நேரமில்லாமல் சொல்லிக்கொண்டு வந்தான். நாங்கள் நாற்பதில் போய்க்கொண்டிருந்தோம். பேசாலைக்கு முன்பாக, "மாமா, கொஞ்சம் மெதுவாப் போங்கோ, எல்லாத்தையும் சொல்ல ஏலாமல் கிடக்கு" என்றான்.