உயிர்நீரும் மண்ணின் மணமும்

'விஸ்கி' என்னும் சொல்லின் வேரை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'உயிர்நீர்' எனப் பொருள்படும் சொல்லின் சிதைவே அது. 'ஆக்குவா வீத்தே' என்னும் இலத்தீன் வழக்கின் நேர் மொழிபெயர்ப்பு. 1494ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து அரசுக் கருவூலக் கணக்கில், உயிர்நீர் வடிப்பதற்கென ஜான் கோர் என்னும் துறவிக்கு எட்டு 'போல்' அளவு முளைத்தானியம் வழங்கப்பட்ட செய்தி காணப்படுகிறது. அந்நாட்டு விஸ்கியின் வரலாற்றை இக்குறிப்பிலிருந்தே தொடங்குவர்.

சில ஆண்டுகளுக்கு முன், விடுப்பில் சென்ற குரு ஒருவருக்குப் பதிலாக ஸ்காட்லாந்தில் ஒரு கோடைக்காலம் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அப்போது மேற்குக் கடலில் உள்ள ஐலா தீவின் வடிசாலைகளையும் கண்டேன். 'சிங்கிள் மால்ட்' என்பது ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லி, நீர், ஈஸ்ட் ஆகிய மூன்றை மட்டுமே கொண்டு, செம்புக் கலங்களில் வடிக்கப்படுவது. பொருள்கள் மூன்றே; எனினும் ஊருக்கு ஊர் குணம் வேறு.

இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஐலாவில் மரங்கள் அரிது. விறகில்லாத மக்கள், சதுப்பு நிலத்தில் பன்னெடுங்காலம் மட்கிக் கிடந்த 'பீட்' என்னும் கரிமண்ணை வெட்டி எரித்தனர். அதன் புகையில் உலர்ந்த தானியம் அப்புகையையே தன்னுள் ஏற்றது. லாஃப்ரோய்க் வடிசாலையில் நீட்டப்பட்ட கிண்ணத்தை முகர்ந்தபோது, மருத்துவமனையின் நெடியும் ஈரப்புகையும் ஒருங்கே எழுந்தன. ஏழ்மை தந்த எரிபொருளே இன்று உலகம் தேடிவரும் அடையாளமாயிற்று! ஸ்பே ஆற்றுப் பகுதிக்கோ 19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வந்தது. அதனுடன் நிலக்கரியும் வந்தது. புகை குறைந்தது, கிளென்லிவெட் போன்றவற்றில் கனியின் மென்மை மேலோங்கிற்று. தெற்கே தாழ்நிலத்தின் ஆக்கன்டோஷன் வடிசாலையில் மும்முறை வடித்து மேலும் மென்மையாக்குகின்றனர்.

ஆயினும் மண் மனிதனைக் கட்டாயப்படுத்துவதில்லை. அதே ஐலாவில் உள்ள புனஹாவன் வடிசாலை, பெரும்பாலும் புகையூட்டாத பார்லியையே பயன்படுத்துகிறது. நிலம் கொடுப்பது கொடை. அதை எவ்வாறு ஏற்பது என்பது மனிதனின் உரிமை. அருளையும் மனித விருப்பையும் பற்றிக் குருமடத்தில் நான் கற்ற பாடம் அங்கே நினைவுக்கு வந்தது.

வடித்தபின் தொடங்குவது காத்திருப்பு. ஓக் மரப் பீப்பாயில் மூன்று ஆண்டுகளேனும் இருந்தாலன்றி அதனை ஸ்காட்ச் விஸ்கி என அழைக்கச் சட்டம் இடந்தராது; பல பீப்பாய்கள் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் உறங்குகின்றன. ஆண்டுதோறும் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கு காற்றில் கரைகிறது. இவ்விழப்பை 'வானதூதர் பங்கு' என்கின்றனர். பீப்பாயை நிரப்பியவர் அது திறக்கப்படுவதைக் காணாமலே போவதும் உண்டு. காத்திருக்க மறுத்தோரும் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் இருபதுக்கு மேற்பட்ட வடிசாலைகளோடு செழித்த ஊர் கேம்பல்டவுன். அவசரமாக வடித்து விற்றதால் நற்பெயர் குன்றியது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் நிலவிய மதுவிலக்கும் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டன. பெரும்பாலானவை மூடப்பட்டன. இன்று அங்கு எஞ்சிய பழைய வடிசாலைகள் மிகச் சிலவே.

ஒரு குரு மதுவைப் பற்றி இவ்வளவு எழுதலாமா என நீங்கள் கேட்கலாம். குடியால் மாண்ட குடும்பத் தலைவர்கள் பலரை அடக்கம் செய்த கைகள் இவை. எவ்வளவு பொறுமையோடு வடித்தாலும் மது மதுவே. அளவு கடந்தால் நஞ்சே. ஆகவே அந்தக் கிண்ணத்தை உங்களுக்கு நான் பரிந்துரைக்கவில்லை. அதை ஆக்கியோரின் பொறுமையையே பரிந்துரைக்கிறேன். தம் மண்ணின் வறுமையை அவர்கள் மறைக்கவில்லை. தாம் காணாத நாளுக்காகவும் உழைத்தனர். பிள்ளைகளை வளர்ப்பதும் இத்தகைய பணியன்றோ? பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்த ஒரு பிள்ளையின் நம்பிக்கையை ஒரே இரவின் குடி அழித்துவிடக்கூடும். அதை மீண்டும் வளர்க்க வேறு பன்னிரண்டு ஆண்டுகள் நமக்குக் கிடைக்குமென யார் உறுதி கூற இயலும்?