மெடிக்கல் திறக்கப்போகும் செந்திலுக்கு

மங்களூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள செந்திலுக்கு,

அத்தை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை போனில் உன் கேள்விக்குப் பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். உன்மேல் எனக்கு என்ன கோபம்? சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான். எழுதினால் வரும் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

"சீட்டு இருந்தாத்தான் ஆன்டிபயாடிக் குடுப்பேன்னு நின்னா நம்ம ஊர்ல கடை நடக்குமா அத்தை? நான் குடுக்கலன்னா வேப்பூர் போயி வாங்கிக்கப் போறாங்க" என்று கேட்டாய். தாம்பரத்தில் நாலு வருஷம் மருந்துக்கடையில் நின்றவன், வியாபாரம் உனக்குத் தெரியும். நான் முப்பத்தொரு வருஷம் நர்சம்மாவாக இந்தச் சுற்றுவட்டாரத்து வாசல்களில் ஏறி இறங்கியவள். அந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாலு மாசத்தைப் பற்றி உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

அது 2012. நீ அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் மாவு அரைக்கும் இடத்தில் இருந்தார். சனிக்கிழமை ராத்திரி கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினால் புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். அந்த வருஷம் மாசியில் இருமல் பிடித்தது. "தூசி இருமல்தான், ஏதாச்சும் பவரா ஒரு மாத்திரை வாங்கிக் குடு" என்றார். நானும் தூசி என்றே எடுத்துக்கொண்டேன். பழக்கமான கடையில் போய்ச் சொன்னேன். நர்சம்மா கேட்டால் யார் சீட்டுக் கேட்பார்கள்? லெவோஃப்ளாக்சசின் ஐந்து மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாளே இருமல் அடங்கியது. பத்து நாளில் திரும்ப வந்தது. மறுபடி ஐந்து மாத்திரை. நாலு மாசத்தில் நாலு தடவை.

இதில் என்னை இன்றும் தூங்கவிடாதது எது தெரியுமா? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளி பரிசோதனை என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவள் நான். அந்த நாலு மாசமும் எத்தனையோ பேருக்குச் சளி டப்பா கொடுத்து அனுப்பினேன். என் கூடப்பிறந்த அண்ணனுக்குக் கொடுக்கவில்லை. ஆனியில் ஒரு விடியற்காலை கிணற்றடியில் துப்பியதில் ரத்தம் வந்த பிறகுதான் கூட்டிக்கொண்டு ஓடினேன். டிபி.

டாக்டர் என்னிடம் கேட்டார், "இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டாரு?" சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பொறுமையாக விளக்கினார். லெவோஃப்ளாக்சசின் டிபி கிருமியையும் அடிக்கும். வழக்கமான டிபி மருந்து வேலை செய்யாமல் போனவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் மருந்துகளில் அது ஒன்று. ஐந்து நாள் கொடுத்தால் நோய் கொஞ்சம் பதுங்கும், போகாது. பதுங்கியிருக்கும் காலத்தில் நுரையீரல் அரிபட்டுக்கொண்டே இருக்கும். முதல் வரிசை மருந்துகள் அண்ணனுக்கு வேலை செய்தன, அதனால் பிழைத்தார். அந்த நாலு மாசமும் அவர் வீட்டுக்கு வந்த ராத்திரியெல்லாம் நீ அவர் கைமேல் தலை வைத்துத்தான் தூங்கினாய், செந்தில். உனக்கு வராதது எந்தச் சாமி புண்ணியமோ.

ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

ஆன்டிபயாடிக்குக்குப் பூட்டு வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் வாங்கியபோதும் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையைக் கொடுக்கக்கூடாது என்றுதான் சட்டம் இருந்தது. யாரும் மதிக்கவில்லை. அதே 2012 ஆகஸ்டில் சென்னையில் டாக்டர்கள் சங்கங்கள் ஒன்றுகூடிச் சென்னைப் பிரகடனம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று செய்தது. எல்லா ஆன்டிபயாடிக்கையும் ஒரே நாளில் பூட்டினால் டாக்டர் இல்லாத ஊரில் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்பதையும் அவர்கள் யோசித்தார்கள். முக்கியமானவற்றை முதலில் பூட்டுவோம், படிப்படியாக மற்றதைப் பார்ப்போம் என்றார்கள். அதன் பிறகு வந்ததுதான் நீ டி.பார்ம்.மில் படித்த எச்1 அட்டவணை. 2014 மார்ச் 1 முதல் 46 மருந்துகள். டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். லெவோஃப்ளாக்சசின் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு ரெண்டு வருஷம் முன்னாலேயே அந்த நோட்டு வந்திருந்து, அதில் அண்ணன் பெயரை எழுத வேண்டி வந்திருந்தால், இரண்டாம் தடவையே கடைக்காரர் கை நின்றிருக்கும்.

அந்தப் பிரகடனம் சென்னையில் பிறந்ததும் சும்மா இல்லை. கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த ஊசிகளுக்கும் அடங்காத என்டிஎம்-1 வகைக் கிருமிகளைப் பற்றி 2010-ல் லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் இதழில் வந்த கட்டுரையில் முதல் பெயர் சென்னையில் ஆராய்ச்சி செய்த கார்த்திகேயன் குமாரசாமியுடையது. அவர்கள் ஆராய்ந்த மாதிரிகளில் சென்னை நோயாளிகளுடையதும் இருந்தன. 2019 ஒரு வருஷத்தில் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாகச் செத்தவர்கள் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஊர்க்காரர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று நீ மலைக்க வேண்டாம். இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பருத்தி தெரியும். தாத்தா காலத்தில் காய்ப்புழுவுக்கு ஒரு மருந்தடித்தால் செத்தது. பிறகு அதே மருந்தை ரெட்டிப்பாக அடித்தும் புழு காய்க்குள் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அடித்ததில் நோஞ்சான் புழுவெல்லாம் செத்து, தாங்கிய புழு மட்டும் பெருகியது. உடம்புக்குள்ளேயும் அதே கதைதான். மருந்துக்குப் பழகுவது நம் உடம்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பழகுவது கிருமி. அது சாப்பிட்டவனோடு நிற்காது, பக்கத்துக் கொல்லைக்கும் போகும். இப்படிச் சொன்னால் அறுபது வயசுக்காரருக்கும் சட்டென்று பிடிபடும், நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பூட்டு மட்டும் போட்டால் தீராது. போன ஐப்பசியில் மக்காச்சோளம் ஒடிக்கப் போன ஒரு பெண்ணுக்கு ஆறு நாள் காய்ச்சல். மூன்று கடையில் மூன்று விதமாக 'செட்' கட்டி வாங்கிச் சாப்பிட்டிருந்தாள். செஃபிக்சிம் கூட இருந்தது. எழுந்து உட்காரத் தெம்பில்லை. வற்புறுத்திக் கூட்டிப்போனேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டர் பொண்ணு, சின்னப் பொண்ணு, உன் வயசு இருக்கும், உடம்பு முழுக்கத் தேடியது. புடவைக் கட்டுக்குக் கீழே இடுப்பில், சிகரெட் சுட்டது போல ஒரு கரும்புண். வலிக்கவில்லை, அதனால் அவளுக்கே தெரியாது. உண்ணிக் காய்ச்சல். டாக்சிசைக்ளின் எழுதியது. இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கி, கஞ்சி கேட்டாள். செஃபிக்சிம் எத்தனை போட்டாலும் அந்தக் காய்ச்சலுக்குக் கேட்காது. அவளுக்கு ஆன்டிபயாடிக் அவசியம்தான், உயிர்போகிற அவசியம். சரியான மருந்து எது என்று உடம்பைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு இடுப்பைப் பார்க்க முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், 'இல்லை' என்று சொல்லி அனுப்பிவிடாதே. எங்கே போக வேண்டும் என்று சேர்த்துச் சொல்லி அனுப்பு. ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை மணிக்கு, அங்கே மருந்து இலவசம், ராத்திரி என்றால் 104-க்குப் போன் போட்டுக் கேட்கலாம், குழந்தைக்கு மூச்சு இழுத்தால் காத்திருக்காமல் 108 என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டு. வயிற்றுப்போக்கு என்று வந்தால் உப்புசர்க்கரைக் கரைசல் பாக்கெட்டையும் துத்தநாக மாத்திரையையும் எடுத்துக் கொடு, அதற்குச் சீட்டு வேண்டாம். சளி, தும்மல், தொண்டைக் கரகரப்பு முக்கால்வாசி வைரஸ். அதற்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு நிமிஷம் பேசு. சீட்டோடு வருகிறவர் "ரெண்டு நாளைக்கு மட்டும் குடு, காசு பத்தல" என்றால் மீதியைக் கடனாகக் கொடு. நான் பொறுப்பு. அந்தக் கடனை என் பென்ஷனில் கழித்துக்கொள்ளலாம்.

நீ மட்டும் திருந்தி என்ன ஆகும் என்பாய். எடுத்த எடுப்பில் பெரிய மருந்தை எழுதும் டாக்டர்கள் இருக்கிறார்கள், படிக்காமல் ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோழித் தீவனத்தில்கூடக் கொலிஸ்டின் கலந்துகொண்டிருந்தோம், 2019-ல்தான் தடை வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் கேரளாவில் 2024 ஜனவரியில் ஆபரேஷன் அம்ரித் என்று தொடங்கி, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கிற கடைகளைத் தேடிப் போய்ச் சோதிக்கிறார்கள். அங்கேயும் மெடிக்கல்கள் நடக்கத்தானே செய்கின்றன? நம் பக்கமும் ஆய்வாளர் அப்படி வர வேண்டும், எல்லாக் கடைக்கும் ஒரே கண்டிப்பு இருக்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன். அப்போதுதான் உன்னைப் போல ஒழுங்காக நிற்கிறவனுக்கு நஷ்டம் வராது. அதுவரை முதல் ஆறு மாசம் கஷ்டம்தான். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை நான் வந்து கடையில் உட்காருகிறேன். இருமல் என்று வருகிறவர் யாராக இருந்தாலும் எத்தனை நாளாக என்று கேட்கும் வேலை என்னுடையது. சளி டப்பாவும் நானே கொடுத்தனுப்புவேன்.

தை பிறந்ததும் திறக்கலாம் என்று அண்ணனும் சொன்னார். கொத்தனார் நேற்று வந்து அளந்தார். மழைத்தண்ணீர் ஏறாமல் இருக்க வாசலில் மூன்று படி வைக்கச் சொன்னாயாமே. ஒரு படியோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன், பக்கத்தில் சரிவாகக் காரை போட்டுக்கொள்ளலாம். உன் அப்பாவால் மூன்று படி ஏற முடியாது.

அன்புடன்,
அத்தை