இருபத்திரண்டு சென்ட்

பெடல் ஸ்டீல் கிட்டாரை மேலிருந்து பார்த்தால் பத்துத் தந்தி கட்டிய ஒரு சின்ன மேசை. கவிழ்த்தால் சைக்கிள் கடை. கம்பி, கிராங்க், ஸ்பிரிங், நைலான் நட்டு. பெடலை மிதித்தால் ஒரு கம்பி தந்தியின் முனையை இழுக்கும். தந்தி ஒலிக்கும்போதே சுருதி நழுவி ஏறும். அந்த அழுகைக்குப் பின்னால் இருப்பது அவ்வளவுதான்.

1954இல் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ ஹிட்டானபோது அதில் பட் ஐசக்ஸ் மிதித்த பெடல்தான் பலரைப் பைத்தியமாக்கியது. அந்த ஒரு பெடலின் வேலையை பட்டி எம்மன்ஸ் இரண்டாகப் பிரித்தார். பிறகு எஃப் ஷார்ப், டி ஷார்ப் என்று இரண்டு தந்திகளையும் சேர்த்தார். இன்றைய ‘இ நைன்த்’ சுருதியமைப்பை யாரும் மொத்தமாக உட்கார்ந்து வடிவமைக்கவில்லை. ஆளாளுக்குத் தன் தேவைக்குத் திருத்தி, அது அப்படியே நின்றுவிட்டது. மென்பொருள்காரனுக்கு இது புதுசில்லை.

என்னுடையது பழைய வாத்தியம். எஃப் ஷார்ப் தந்திகளான ஒன்றையும் ஏழையும் முழங்கால் நெம்புகோலால் ஜி வரை ஏற்ற ஆசைப்பட்டேன். கவிழ்த்துப் பார்த்தால் ஏ பெடலிலிருந்து அதே தந்திகளுக்கு ஏற்கெனவே இரண்டு கம்பிகள். வழக்கமாக ஏ பெடல் ஐந்தையும் பத்தையும் பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும், அதோடு சரி. இவையோ எஃப் ஷார்ப்பை ஒரு மயிரிழை இறக்கின. எதுக்கு?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதில் கட்டைகள் கிடையாது என்பதால், பலர் மூன்றாம் சுரத்தைக் காதுக்கு இனிக்கும்படி, பியானோவைவிட 14 சென்ட் தாழ்த்தி வைப்பார்கள். தம்புராவில் யாரும் மீட்டாமலே கேட்குமே ஒரு காந்தாரம், அதே இடம். பெடல் மிதித்து வரும் சி ஷார்ப்பும் ஏ-க்கு மூன்றாவது, அதுவும் தாழும். எஃப் ஷார்ப்போ பி-க்குச் சுத்தமான ஐந்தாவதாக உயரே நிற்கும். இந்த இரண்டையும் சேர்த்து எஃப் ஷார்ப் மைனர் வாசித்தால் நடுவே 22 சென்ட் இடறும். அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். எஃப் ஷார்ப் ஒன்று பி-யோடு சேரும், அல்லது சி ஷார்ப்போடு சேரும், இரண்டோடும் சேராது. அந்தக் கம்பிகள் இதற்கான சமாதானம். மிதித்தால் மட்டும் இறங்கி வரும்.

எல்லாவற்றையும் பியானோ மாதிரி சமமாக வைத்துக்கொண்டு இந்தத் தொல்லையே வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. நியாயம்தான். கம்பிகளைக் கழற்ற அஞ்சு நிமிஷம் போதும். ஆனால் முன்பு இதை வாசித்தவர் இறந்துவிட்டதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எந்தச் சேர்க்கை அவர் காதை உறுத்தியது என்பது மட்டும் தெரியும்.

என் சிக்கல் வேறு. ஏ செவன்த் வேண்டுமென்றால் ஏ பெடலையும் என் நெம்புகோலையும் ஒன்றாக அழுத்த வேண்டும். ஒரே தந்தியை ஒன்று ஏற்றும், இன்னொன்று இறக்கும். பொருத்திவிட்டு மிதித்தேன். நினைத்த மாதிரியே ஜி தாழ்ந்துதான் வந்தது, டியூனரில் சிவப்பு. கண்ணை மூடிக் கேட்டேன். இயற்கையான ஏழாவது பியானோவின் ஏழாவதைவிட 31 சென்ட் கீழேதான் இருக்கிறது. இவர் கம்பி என் ஜி-யைக் கிட்டத்தட்ட அங்கே கொண்டுபோய் வைத்திருந்தது.

கம்பிகள் அப்படியே இருக்கின்றன. பெடல் கொஞ்சம் கனம், அரை மணி நேரம் வாசித்தால் கணுக்கால் வலிக்கிறது.