மரக்காணம் உப்பளத்தில் ஒரு பாட்டுக் கணக்கு

காலை ஆறரை மணி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி பஸ்ஸிலிருந்து மரக்காணத்தில் இறங்கும்போதே முகத்தில் உப்புக் காற்று அடித்தது. கூடவே வந்த நண்பன் பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து என்னிடம் நீட்டினான். “இப்ப வேணாம்னுதான் தோணும். எட்டு மணிக்கு மேல நீயே கேப்ப.”

சொன்னது சரிதான். வெயில் ஏறியதும் உப்பளத்தின் வெண்மை கண்ணைக் குத்துகிறது.

நண்பன் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறான். சின்ன என்றால், மொத்தமே மூன்று பேர். சென்னையில் ஒரு மாடி அறை. சினிமாவுக்கு வெளியே சொந்தமாகப் பாட்டுப் போடும் இளைஞர்களுக்கு, பாட்டால் வரும் பணத்தைக் கணக்குப் போட்டுப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் அவனுடையது. அவனிடம் கணக்கு வைத்திருக்கும் ஒரு பாடகி, தன் அடுத்த பாட்டுக்கு உப்பு வாரும் சத்தம் வேண்டும் என்றாராம். “நானே ரெக்கார்ட் பண்ணித் தர்றேன்” என்று கிளம்பிவிட்டான். ஆனால், அவன் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது பிறகு.

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது மரக்காணம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. யாழோடு ஊர் ஊராகப் போன பாணர்களை நல்லியக்கோடனிடம் வழிகாட்டி அனுப்பும் பாட்டு அது. பாடிப் பிழைப்பவனுக்கு யார் படியளப்பது என்ற கேள்வி இந்தக் கரைக்குப் புதிதல்ல! ஊருக்குள் சோழர் காலத்து பூமீசுவரர் கோயில் இருக்கிறது. ஆந்திராவில் தொடங்கிச் சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய் இந்தப் பகுதியில்தான் முடிகிறது. அதையொட்டி 3,000 ஏக்கருக்கும் மேல் உப்பளங்கள்.

வரப்பில் கால் வைக்கும்போது ஜாக்கிரதை; வழுக்கும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அந்த நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, அடர்த்தி கூடுகிறது. அதை போமே என்ற அளவில் பார்க்கிறார்கள். 25 டிகிரி வந்ததும் சமையல் உப்பு படிகமாக விளையத் தொடங்கும். 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசந்துவிடும். அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் விளையட்டும்’ என்ற ஆசைக்கு இங்கே இடமில்லை.

நீண்ட கழியில் மாட்டிய பலகையால் இருவர் உப்பை வாரிக் கொண்டிருந்தார்கள். கரகரவென்று ஒரு சத்தம், பிறகு தண்ணீர் விலகும் சத்தம். அனுமதி கேட்டுவிட்டு நண்பன் மைக்கைக் கீழே வைத்தான். கூடையைத் தலையில் சுமந்து குவியலில் கொட்டிவிட்டுத் திரும்பிய அக்கா ஒருவர் நின்று பார்த்தார்.

“இன்னா தம்பி, சினிமாவா?”

“இல்லக்கா, பாட்டு. ஃபோன்ல கேக்குற பாட்டு.”

“அதுல இன்னா வரும்? ஒரு பாட்டுக்கு எவ்ளோ?”

நண்பன் தலையைச் சொறிந்தான். நானும் அவனிடம் கேட்க நினைத்த கேள்விதான். அன்று வரப்பில் உட்கார்ந்து அவன் சொன்னதன் சுருக்கம் இது.

ஒரு தடவை கேட்டால் இவ்வளவு என்று நிலையான விலையே கிடையாது. பெரும்பாலான ஸ்ட்ரீமிங் நிறுவனங்களில் மாத வருமானம் ஒரே குவியலாகச் சேரும். நிறுவனத்தின் பங்கு போக மீதி, மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை பங்கு என்று பார்த்துப் பிரியும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் இன்னொரு விதி: 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டின் பதிவுக்குப் பங்கே இல்லை. பணம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். வரும்போது ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட கணக்குத் தாளாக வரும்.

“ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்து, எண் சேர்ந்த ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு உண்டு. அதுல ஒண்ணு தப்பினாலும் காசு வேற பக்கம் போயிடும். பதிவுக்கு ஒரு உரிமை, எழுதினவர் - இசையமைச்சவருக்குத் தனி உரிமை. பாடினவங்க, தாளம் தட்டினவங்க, மிக்ஸ் பண்ணினவங்கன்னு யாருக்கு எத்தனை சதவிகிதம்னு முதல்லயே எழுதி வைக்கணும். நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து பாட்டுப் போடுவாங்க. பாட்டு ஹிட்டான பிறகு எழுத உட்கார்ந்தா, ஃப்ரெண்ட்ஸா இருக்க மாட்டாங்க.”

உலகமே கேட்ட பாட்டுக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ ஞாபகமிருக்கும். நிலமில்லாமல் உழைத்தவர்களின் கதையைச் சொன்ன தனியிசைப் பாடல். மூன்று வருடம் கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாடலால் தங்களுக்கு இதுவரை வருமானம் எதுவும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் காணொலியில் சொன்னார். கோடிக்கணக்கில் கேட்கப்பட்ட பாட்டுக்கே கணக்கு இப்படிக் கேள்வியாகும் என்றால், ஆயிரம் பேர் கேட்கும் பாட்டுக்கு?

இப்போது அந்த இன்னொரு காரணம். நண்பனின் கம்பெனியை விலைக்குக் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி. வீட்டில், “வித்துட்டு ஒழுங்கா வேலைக்குப் போ” என்கிறார்கள். ஆனாலும் அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

“பேண்ட்கேம்ப் கதை தெரியும்ல?” என்றான்.

தனியிசைக் கலைஞர்கள் ரசிகர்களிடம் நேரடியாக விற்க, அமெரிக்காவில் 2008-ல் தொடங்கிய தளம் அது. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவிகிதம் மட்டும் எடுத்துக்கொள்ளும். 2020-ல் கொரோனா கச்சேரிகளை முடக்கியபோது, குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கையும் வேண்டாம் என்றது. 2022-ல் எபிக் கேம்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. மறு வருடமே சாங்ட்ரேடர் நிறுவனத்துக்குக் கைமாறியது. அந்த அக்டோபரில் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலை போனது. தளம் இன்றும் இயங்குகிறது. ஆனால், நம்பி வந்த கலைஞர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

“எங்கிட்ட இருக்கிறது காசு இல்ல. அவங்க கணக்கு. அதையும் சேர்த்துத்தானே விக்கிறேன்?”

பதில் சொல்லத் தெரியாமல் எதிரே குவிந்திருந்த உப்பைப் பார்த்தேன். வருடத் தொடக்கத்தில் பாத்தி திருத்தி, செப்டம்பர் வாக்கில் முடிகிற தொழில் இது. வடகிழக்குப் பருவமழை வந்தால் வேலை இல்லை. அந்த மாதங்களுக்கு அரசு ரூ.5,000 நிவாரணம் தருகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இங்கே பாத்தியும் வரப்பும் ஒன்றாகி ஏரி போல நின்றது. பிறகு சேற்றை வாரி, வரப்புக் கட்டி, முதலிலிருந்து தொடங்கினார்கள்.

அக்கா இரண்டாவது நடை முடித்து வந்தார். “நடை நடையா எண்ணி வெச்சிக்குவீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“எண்ணாம? மேஸ்திரி நோட்டுல எழுதுவாரு. நானும் வூட்ல காலண்டர்ல எழுதிருவேன். ரெண்டும் ஒத்துக்கணும்ல?”

நண்பன் ரெக்கார்டரை நிறுத்தினான். ஒன்றும் பேசவில்லை.

பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. நீங்கள் போவதானால் விடியற்காலையில் போங்கள். தண்ணீரும் தொப்பியும் அவசியம். வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். குளிர்காலம் என்றால், 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியையும் பார்த்துவிடலாம். வடக்கே கொஞ்ச தூரத்தில் இடிந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது.

பஸ் நிறுத்தத்து டீக்கடையில் நண்பன் லேப்டாப்பைத் திறந்தான். கம்பெனியை விற்கப் போகிறானா என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்: “முதல்ல ஒரு பட்டன் வைக்கப் போறேன். யார் வேணாலும் அவங்க முழுக் கணக்கையும் டவுன்லோடு பண்ணி வீட்ல வெச்சிக்கலாம். அது வேலை செய்யட்டும். அப்புறம்தான் மத்த பேச்சு.”

திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.