செவி கொடுத்தல்

பதின்பருவம் உடலோடு உள்ளமும் மாறும் பருவம். நேற்றுவரை ஓடியாடிய பிள்ளை உணவை வெறுத்து, உறக்கம் குன்றி, நண்பரை விட்டு விலகுமாயின், அதனைச் சோம்பல் என்றோ செருக்கு என்றோ பெற்றோர் எண்ணலாகாது. 10 முதல் 19 வயது வரை உள்ளோருள் எழுவரில் ஒருவர்க்கு மனநலக் குறை உண்டு என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை எடுத்துக்காட்டினால் துயருற்ற பிள்ளை வாய் திறவாது. இரவு உணவின்போது தந்தையோ தாயோ அருகமர்ந்து, அன்புடன் வினவி, விடை வரும்வரை பொறுத்திருந்தால், அடைபட்ட துயர் மெல்லச் சொல்லாய் வெளிப்படும். அப்பொழுது குறுக்கிடாது கேட்டலே பேருதவி. அறிவுரை பின்னர் ஆகலாம்.

துயர் இரு வாரங்களுக்கு மேல் நீடிப்பின் மருத்துவரை நாடுதல் வேண்டும். இந்திய அரசு 2022-இல் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி உதவியும் உண்டு. காய்ச்சலுக்கு மருந்து தேட நாணுவாரில்லை. உள்ள நோய்க்கும் நாணம் வேண்டா.