ஹீலியத்தைத் திறக்க விடவில்லை

எங்கள் கட்டுரைக்கு நான் எழுதிய திருத்தக் குறிப்பில், பின்னர் நடந்த சோதனைகளால் முடிவு மாறுகிறது என்று இருக்கிறது. படிப்பவர்கள் அதை நேர்மையான பிழை என்று எண்ணுவார்கள். அப்படி எண்ணட்டும் என்றுதான் எழுதினேன். ஆனால் சந்தேகம் பின்னர் வந்ததல்ல. அளவீடு நடந்த இரவே என் முகத்துக்கு நேராகக் கேட்கப்பட்டது.

பிளாஸ்டிக் தயாரிக்கப் போகும் எத்திலீனில் அசெட்டிலீன் கலந்திருக்கும். அதைப் பல்லேடியத்தின் மேல் ஹைட்ரஜனோடு செலுத்தி எத்திலீனாக்க வேண்டும். ஈத்தேன் வரை போய்விட்டால் சரக்கு நஷ்டம். பல்லேடியம் ஹைட்ரஜனை உள்ளுக்கே உறிஞ்சக்கூடியது. தாமஸ் கிரஹாம் 1866-லேயே இதை எழுதியிருக்கிறார். அசெட்டிலீன் சிதைந்தால் கார்பனும் உள்ளே புகும். கார்பன் புகுந்த பல்லேடியம், அதாவது கார்பைடுதான், வினையைப் பாதியில் நிறுத்துகிறது, ஹைட்ரஜன் நிறைந்த ஹைட்ரைடு நிறுத்துவதில்லை என்று டெஷ்னர் குழு 2008-இல் ‘சயன்ஸ்’ இதழில் காட்டியது. அதை மறுக்க ஆசைப்பட்டேன். மறுத்தவன் என்ற பெயருக்கு ஆசைப்பட்டேன்.

சின்க்ரோட்ரானில் எக்ஸ்-கதிர்க் கற்றை நேரம் கிடைத்தது. மெல்லிய குவார்ட்ஸ் குழாய். இருபுறமும் குவார்ட்ஸ் பஞ்சு, நடுவில் சிட்டிகைக் கரும்பொடி, கீழிருந்து வெப்பக்காற்று. 24,350 எலெக்ட்ரான் வோல்ட்டில் பல்லேடியத்தின் உட்கவர் விளிம்பு எழுந்தது. வாயுக்கள் ஓட ஓட நிறமாலை பதிவானது. நிறைமாலைமானியில் 30-ஆம் கோடு, அதாவது ஈத்தேன், தாழ்ந்தே கிடந்தது. வினை எத்திலீனோடு நின்றுகொண்டிருந்தது. அதே நேரத்தில் பல்லேடியம் அணுக்களுக்கு இடையிலான தூரம் 2.75 ஆங்ஸ்ட்ராமிலிருந்து நன்றாக நீண்டிருந்தது. “ஹைட்ரைடு” என்றேன், உரக்க.

இங்கேதான் பொறி. ஹைட்ரஜன் புகுந்தாலும் அணிக்கோவை விரியும், கார்பன் புகுந்தாலும் விரியும். பெரிய துண்டில் ஹைட்ரைடு சுமார் மூன்றரை சதவீதம், கார்பைடு மூன்றுக்குச் சற்றுக் குறைவு. நுண்துகளில் அந்த இடைவெளி அளவீட்டுப் பிழைக்குள் மறைந்துவிடும். நீண்டிருப்பது தெரியும், நீட்டியது யார் என்று தெரியாது. விளிம்பை ஒட்டிய முகடுகளின் வடிவம் துப்புக் கொடுக்கும். அதை நான் உற்றுப் பார்க்கவில்லை.

என் மாணவி பார்த்தார். “சார், ஹைட்ரஜனை நிறுத்திட்டு ஹீலியம் மட்டும் விட்டுப் பார்க்கலாமா? ஹைட்ரைடுன்னா சுருங்கிடும். கார்பைடுன்னா அப்படியே நிக்கும்.”

அவர் கை வால்வுக்குப் பக்கத்தில் இருந்தது. அரைமணி நேர வேலை. “நேரமில்லைம்மா. அடுத்த சாம்பிளைப் போடு” என்றேன்.

நேரம் இருந்தது. ஹீலியம் என்ன சொல்லும் என்று பயந்தேன். கருத்தரங்குக்குச் சுருக்கத்தை அனுப்பியாகிவிட்டது. ஒரு மாணவி கேட்டு நான் பின்வாங்குவதா என்ற அகந்தையும் இருந்தது. அவர் கேட்டது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்தே மறுத்தேன்.

கட்டுரை வந்தது. ஹைட்ரைடே தேர்ந்து வினை புரிகிறது என்று எழுதினோம். எழுதினோம் என்பதும் தவறு; நான் எழுதினேன், அவர் பெயரையும் சேர்த்தேன். அவருடைய ஆய்வேட்டில் கார்பைடு பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. அதை எடுக்கச் சொன்னேன். இரண்டு முறை வாதாடினார். பிறகு எடுத்துவிட்டார்.

எங்கள் முடிவை நம்பி வேறொரு ஆய்வகத்தில் ஓர் இளைஞர் ஹைட்ரைடை நிலைநிறுத்தும் வினையூக்கிகளைச் செய்து பார்த்தார். எல்லாம் ஈத்தேனையே கொடுத்தன. தன் கைவேலையில்தான் கோளாறு என்று நினைத்து, விளக்கம் கேட்டு எனக்கு எழுதினார். பணிவான கடிதம். வெப்பநிலையைச் சரிபார்க்கும்படி பதில் போட்டேன். திருத்தக் குறிப்பைவிட அந்தப் பதில்தான் என்னை அதிகம் வெட்கப்படுத்துகிறது. அவருடைய உதவித்தொகைக் காலம் அதிலேயே தீர்ந்தது.

கடைசியில் ஹீலியம் விட்டுப் பார்த்தோம். தூரம் சுருங்கவில்லை.

அதற்குள் என் மாணவி ஆராய்ச்சியை விட்டு வங்கி வேலைக்குப் போயிருந்தார். கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை சார்” என்றார். ஆய்வேட்டிலிருந்து எடுத்த அத்தியாயத்தைக் கேட்டேன். அதை வைத்திருக்கவில்லை என்றார்.