யார்மவுத்தில் ஒரு பெரிய கண் பாப்பா

போன சனிக்கிழமை நண்பரோட பாய்மரப் படகுல சவுத்தாம்ப்டன்ல இருந்து ஐல் ஆஃப் வைட் தீவுக்குப் போனோம். யார்மவுத் துறைமுகத்துல ரெண்டு ராத்திரி. 1547-ல கட்டி முடிச்ச கோட்டைக்குப் பக்கத்துலயே படகைக் கட்டலாம். சின்ன ஊர். மீனும் சிப்ஸும் அருமை. அது இருக்கட்டும்.

ஞாயிறு காலை மனைவி, "ஒரு கண்ணு மங்கலா தெரியுதுங்க"ன்னாங்க. பார்த்தா வலது கண் பாப்பா மட்டும் விரிஞ்சு கிடக்கு. டார்ச் அடிச்சாலும் சுருங்கல. டாக்டரா இருந்து என்ன, எனக்கு வேர்த்துடுச்சு. மூளை ரத்தக்குழாய் வீங்கி நரம்பை அழுத்தினாலும் இப்படி ஆகலாம்.

தலைவலி இல்ல. இமை தொங்கல. கண் எல்லாப் பக்கமும் அசையுது. அப்பதான் காதுக்குப் பின்னாடி இருந்த பேட்ச் கண்ணுல பட்டுச்சு. கடல் பயணக் குமட்டலுக்கு ஒட்டுற ஹயோசின். அதைத் தொட்ட விரலாலேயே கண்ணைக் கசக்கியிருக்காங்க. வாங்கிக் கொடுத்தது நான்தான், கை கழுவச் சொல்லல.

இருந்தும் ஆஸ்பத்திரியில காட்டிட்டுதான் கிளம்பினோம். நீங்களும் பேட்சை ஒட்டினாலும் எடுத்தாலும் சோப்பு போட்டுக் கழுவுங்க. கண் அழுத்த நோய் இருந்தா டாக்டரைக் கேட்காம ஒட்டாதீங்க. ஒரு பாப்பா திடீர்னு பெரிசானா, காரணம் தெரியும்னு நீங்களே முடிவு பண்ணாம எமர்ஜென்சிக்குப் போங்க.

பாப்பா பழையபடி ஆக மூணு நாள் ஆச்சு. இப்ப நான் சாப்பிட உட்கார்ந்தாலே, "கை கழுவியாச்சா டாக்டர்?"னு கேட்கறாங்க.